மூலையில் கிடக்கும் யந்திரம் முடங்கிய யந்திரமன்று!

ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலும் கிராமங்களிலும், வீட்டு அலுமாரிகளின் மேலும் பாடசாலைக் களஞ்சிய அறைகளின் மூலைகளிலும், பழைய மடிக்கணினிகள் தூசி படிந்து கிடக்கின்றன. அவற்றுள் பல உடைந்தவையல்ல, எரிந்தவையுமல்ல. மின்சாரம் கொடுத்தால் திரையில் ஒளி வரும், சாவிகள் இயங்கும். ஆயினும், "இஃது இனி உதவாது" என்ற ஒற்றை வாக்கியத்தால் தீர்ப்புச் சொல்லப்பட்டு ஒதுக்கப்பட்டவை அவை. அந்தத் தீர்ப்பு நீதியானதா? இவ்வாரம் நாம் எழுப்ப விரும்பும் கேள்வி இதுவே. நீதியானதன்று என்பது நமது உறுதியான கருத்து. அதற்கான காரணத்தையும், அதற்கு மாற்றான வழியையும் வாசகர் முன் வைக்கின்றோம்.

தீர்ப்பு எங்கே எழுதப்பட்டது?

இத்தீர்ப்பு பதுளையில் எழுதப்பட்டதன்று, கொழும்பிலும் எழுதப்பட்டதன்று. கணினியைத் திறந்தவுடன் முதலில் விழித்து மற்றெல்லா வேலைகளையும் நடத்துகின்ற மூல மென்பொருளைப் பணிசெயல் முறைமை என்கிறோம். அத்தகைய முறைமைகளுள் ஒன்றாகிய விண்டோஸ் 10 க்குத் தான் வழங்கிவந்த பொது ஆதரவை, அமெரிக்காவின் மைக்ரோசொப்ட் கொம்பனி 2025 ஆம் ஆண்டு ஒக்டோபர் 14 ஆந் திகதியோடு நிறுத்திக்கொண்டது. பதிவுசெய்துகொண்ட தனியாட்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மேலும் ஓராண்டு, அதாவது 2026 ஒக்டோபர் வரை, நீட்டிக்கப்பட்டன. மற்றவர்கள் விண்டோஸ் 11 க்கு மாறிக்கொள்ள வேண்டும் என்பது கொம்பனியின் அறிவுரை.

அறிவுரை நன்று. ஆனால் விண்டோஸ் 11 எல்லா வீட்டுக்கும் வரச் சம்மதிப்பதில்லை. டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்கிறது. கொம்பனியின் பட்டியலிலுள்ள செயலி வேண்டும் என்கிறது. இன்டெல் செயலிகளைப் பொறுத்தவரை, 2017 இல் வெளிவரத் தொடங்கிய 8 ஆந் தலைமுறைக்கு முந்தியவை பெரும்பாலும் அப்பட்டியலில் இல்லை. அதற்கு முன் வாங்கிய யந்திரங்கள் நன்றாக இயங்கினாலும் வாசலிலேயே நிறுத்தப்படுகின்றன. விண்டோஸ் 10 அன்றே நின்றுவிடவில்லை என்பது உண்மைதான். ஆயினும் ஆதரவு முடிந்த பின்னர் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைக்கப்படமாட்டா. அந்த யந்திரத்தைக் கொண்டு இணையத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பது, கதவில்லாத வீட்டில் பணப்பெட்டியை வைப்பதை ஒக்கும்.

மனிதரோடு யந்திரத்தை ஒப்பிடுவது தகாது என்பதை நாம் அறிவோம். எனினும், நேற்றுவரை உழைத்ததை இன்று ஓர் எழுத்தின் வலிமையால் "தகுதியற்றது" என்று தள்ளிவைக்கும் முறை மலைநாட்டுத் தமிழருக்குப் புதியதன்று. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுக்கு ஒரு கசப்பான பாடத்தைக் கற்பித்தது. தூரத்துக் கந்தோர் ஒன்றில் எழுதப்பட்ட தீர்ப்பை அவர்கள் இறுதித் தீர்ப்பாக ஏற்றுக்கொள்ளவில்லை. 2003 ஆம் ஆண்டின் சட்டம் வரையில் அதனை எதிர்த்தே நின்றனர். அத்தகைய மக்கள், தம் பிள்ளைகள் கையாளும் ஒரு கருவியைப் பற்றிய தீர்ப்பை மட்டும் கேள்வியின்றி ஏற்கவேண்டுமா?

புதியது வாங்கினால் என்ன?

"பழையதோடு போராடுவானேன்? புதியது ஒன்றை வாங்கிவிட்டால் என்ன?" என்று கேட்பாரும் உளர். அவர்களுக்குக் கணக்கு ஒன்றைச் சொல்வோம். 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த ஒரு டொலரின் விலை, அவ்வாண்டு மே மாதத்துக்குள் 360 ரூபாவை எட்டியது. மடிக்கணினி இறக்குமதிப் பொருள். டொலர் ஏற அதன் விலையும் ஏறியது. மறுபுறம், தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் நீண்ட போராட்டங்களின் பின் 2024 இல் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அவ்வீதப்படி நூறு நாள் உழைப்பை ஒரு சதமும் செலவழிக்காமல் சேர்த்தால் 1,35,000 ரூபா. அரிசிக்கும் மாவுக்கும் மருந்துக்கும் போக எஞ்சுவது எவ்வளவு? வெலிமடையில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் பயிரிட்டு, உரவிலைக்கும் சந்தை விலைக்கும் இடையே நசுங்கும் கமக்காரரின் நிலையும் இதிலிருந்து வெகுதூரத்தில் இல்லை.

2020, 2021 ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடிக்கிடந்தபோது, கருவியில்லாத பிள்ளை எவ்வளவு பின்தள்ளப்படும் என்பதை மலைநாடு கண்ணாரக் கண்டது. ஒரு கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளை நாம் அறிவோம். தொலைபேசியிற் பாடத்தைப் பார்க்கலாம். ஆனால் ஒரு செயற்றிட்ட அறிக்கையை எழுதவும், அட்டவணை போட்டுக் கணக்குப் பார்க்கவும், நிரலாக்கம் பயிலவும் சாவிப்பலகையுள்ள கணினி வேண்டும். எனவே மூலையில் கிடக்கும் ஒவ்வொரு யந்திரமும் ஒரு பிள்ளையின் பங்கு என்றே நாம் கருதுகின்றோம்.

கவ்வாத்து வெட்டும் முறை

தோட்டத்திற் பிறந்த எவருக்கும் கவ்வாத்தின் பொருளை விளக்கவேண்டியதில்லை. கொழுந்து குறைந்துவிட்ட தேயிலைச் செடியை உடனே பிடுங்கி எறிவதில்லை, கிளைகளை வெட்டிவிடுகின்றனர். வேர் நிற்கிறது, சில மாதங்களில் புதுத் துளிர் எழுகிறது. மடிக்கணினியின் வேர் அதன் வன்பொருள். கிளை அதன் மென்பொருள். விண்டோஸ் என்ற கிளை காய்ந்தால் வேரையும் பிடுங்கவேண்டுமென்பது என்ன நியாயம்?

கிளையை வெட்டாமலே புதுக்கிளையைச் சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. அதுவே வெளித்தட்டிலிருந்து கணினியைத் தொடக்குதல். மடிக்கணினியின் பொத்தானை அமுக்கியதும், அதன் தாய்ப்பலகையிற் பதிந்துள்ள ஒரு சிறு மென்பொருள் விழிக்கிறது. பழைய யந்திரங்களில் அதற்குப் பயோஸ் என்றும் புதியவற்றில் யு.இ.எஃப்.ஐ. என்றும் பெயர். பணிசெயல் முறைமை எந்தத் தட்டில் இருக்கிறது என்று தேடி, அதனிடம் பொறுப்பை ஒப்படைப்பதே அதன் வேலை. வழக்கமாக அஃது உள்ளேயுள்ள வன்தட்டையே முதலில் நாடும். ஆனால் எதை முதலில் நாடவேண்டும் என்ற வரிசையை மாற்றும் அதிகாரம் உடைமையாளர் கையில் இருக்கிறது. வாய்க்காலில் ஒரு மடையை அடைத்து மறுமடையைத் திறக்கும் கமக்காரர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வார். யு.எஸ்.பி. துளையிற் செருகிய பென் டிரைவ் ஒன்றையோ, வெளி வன்தட்டு ஒன்றையோ காட்டி, "இங்கிருந்து தொடங்கு" என்று கட்டளையிட்டால் யந்திரம் அங்கிருந்தே தொடங்கும். உள்ளேயிருக்கும் வன்தட்டு பழுதுபட்டிருந்தாலும், அதனைக் கழற்றியே விட்டிருந்தாலும், பெரும்பாலும் தொடங்கும்.

அவ்வாறு தொடக்குவதற்கு ஏற்ற பணிசெயல் முறைமை லினக்ஸ். 1991 இல் பின்லாந்து மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்ததும், உலகெங்குமுள்ள பல்லாயிரவர் சேர்ந்து வளர்த்ததுமான பொதுச்சொத்து அது. லினக்ஸ் மின்ட், உபுண்டு, டெபியன் என அதற்குப் பல வடிவங்கள் உண்டு. 4 ஜி.பி. ரேம் உள்ள யந்திரத்துக்கு லுபுண்டு, அல்லது லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பு பொருந்தும். 2 ஜி.பி. மட்டுமே உள்ளதாயின் ஆன்டிஎக்ஸ், பப்பி போன்ற இலேசான வடிவங்களை நாடலாம். எதற்கும் விலையில்லை, பிரதி எடுப்பதற்கும் தடையில்லை.

செய்யும் முறை யாது?

முதலாவதாக, லினக்ஸ் வடிவம் ஒன்றின் கோப்பை அதன் சொந்தத் தளத்திலிருந்து பதிவிறக்கவேண்டும். இரண்டாவதாக, ரூஃபஸ் அல்லது எட்சர் என்னும் இலவச மென்பொருளைக் கொண்டு அதனை 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் எழுதவேண்டும். கோப்பை வெறுமனே பிரதி செய்து போட்டால் கணினி அதிலிருந்து தொடங்காது என்பதையும், எழுதும்போது பென் டிரைவில் முன்பிருந்த யாவும் அழியும் என்பதையும் மறத்தல் ஆகாது. மூன்றாவதாக, பென் டிரைவைச் செருகி, மடிக்கணினியின் பொத்தானை அமுக்கிய உடனேயே உரிய சாவியைப் பலமுறை தட்டவேண்டும். டெல், லெனோவோ யந்திரங்களிற் பெரும்பாலும் எஃப்12, எச்.பி. யந்திரங்களில் எஃப்9, ஆசுஸ் யந்திரங்களில் எஸ்கேப், இன்டெல் செயலியுள்ள ஆப்பிள் யந்திரங்களில் ஒப்ஷன் சாவி. பட்டியல் ஒன்று திரையில் தோன்றும். அதிற் பென் டிரைவின் பெயரைத் தெரிவுசெய்தால் போதும்.

இம்முறையின் சிறப்பு யாதெனில், "சோதித்துப் பார்" என்ற வழியைத் தெரிந்தால் உள்ளேயுள்ள வன்தட்டில் எதுவும் மாறுவதில்லை. லினக்ஸ் பென் டிரைவிலிருந்து ரேமுக்கு வந்து இயங்கும். கணினியை அணைத்து, பென் டிரைவைக் கழற்றி, மீண்டும் தொடக்கினால் பழைய விண்டோஸ் இருந்தபடியே இருக்கும். ஆகவே அஞ்சவேண்டியதில்லை. "நிறுவு" என்பதைத் தெரிந்து, உள்வன்தட்டைக் காட்டினால்தான் அதிலுள்ளவை அழிய நேரும். அவ்விடத்தில் மட்டும் அவசரம் கூடாது.

குறைகளையும் மறைக்காமற் சொல்வோம். சோதனை முறையில் எழுதிய கோப்புகள், கணினியை அணைத்ததும் மறைந்துவிடும். அவற்றை வேறொரு பென் டிரைவிற் சேமிக்கவேண்டும். நிலையாகப் பாவிக்க விரும்புவோர் வெளியேயுள்ள எஸ்.எஸ்.டி. தட்டொன்றில் லினக்ஸை முழுமையாக நிறுவிக்கொள்ளலாம். அப்போது எந்தத் தட்டில் நிறுவுகிறோம் என்பதை இருமுறை பார்த்துக்கொள்ளுதல் அவசியம். பென் டிரைவ் வேகம் குறைந்தது. ஓயாமல் எழுதினால் தேய்ந்துபோவது. பழைய யு.எஸ்.பி. 2.0 துளை வினாடிக்கு 480 மெகாபிட் வரையே கடத்தும். பெரும்பாலும் நீலநிறத்தில் இருக்கும் யு.எஸ்.பி. 3.0 துளையோ 5 கிகாபிட் வரை கடத்தும். எனவே நீலத்துளை இருந்தால் அதனையே பாவிக்கவேண்டும். விண்டோஸில் பிட்லொக்கர் பூட்டு இடப்பட்டிருந்தால், பயோஸ் அமைப்புகளைத் தொடுமுன் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளவேண்டும். சில யந்திரங்களில் வைஃபை உடனே இயங்காமலும் இருக்கலாம். சில அச்சுப்பொறிகளும், விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கியல் மென்பொருள்கள் பலவும் லினக்ஸில் ஒத்துழைக்கமாட்டா.

இன்னொரு பயனும் உண்டு. விண்டோஸ் விழுந்து எழாத யந்திரத்தை வெளியிலிருந்து தொடக்கி, உள்ளேயுள்ள கோப்புகளைப் பெரும்பாலும் மீட்டெடுக்கலாம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையும் மண்சரிவும் பதுளை மாவட்டத்தை உலுக்கியதைக் கண்டவர்கள், பிறப்புச் சான்றிதழின் பிரதியும் பரீட்சைப் பெறுபேற்றின் பிரதியும் வேறோரிடத்தில் இருப்பதன் அருமையை நாம் சொல்லாமலே உணர்வர்.

தமிழ் தெரிந்த யந்திரம்

இவ்விடயத்தில் மொழியுரிமையும் அடங்கியிருக்கிறது. 1987 ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரசகரும மொழியென ஏற்றுக்கொண்டது. ஆனால் சட்டப் புத்தகத்தில் ஏறிய மொழி மேசைமேலுள்ள கணினியில் ஏறிவிட்டதா? தோட்டத்துப் பிள்ளைகளிற் பலர் ஆங்கிலத் திரையைக் கண்டே கணினிக்கு அஞ்சுகின்றனர். லினக்ஸின் திரையைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம். அதனோடு வரும் லிப்ரே ஒபிஸ் என்னும் எழுத்துவேலை மென்பொருளும் தமிழ் முகப்பை உடையது. இலங்கைத் தரநிலையான எஸ்.எல்.எஸ். 1326 ஏற்றுள்ள ரெங்கநாதன் சாவிப்பலகை அமைப்பையும் லினக்ஸிற் சேர்த்துக்கொள்ளலாம். பாமினி எழுத்துருவில் தட்டிய கடிதம் மறுகணினியிற் புரியாத குறிகளாக மாறும் தொல்லையை எழுதுவினைஞர் அறிவர். ஒருங்குறியில் எழுதினால் அத்தொல்லை இல்லை. மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் நிறைவாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆயினும் குறை கண்ட தமிழர் எவரும் அதனைத் திருத்தி உலகுக்கு வழங்கும் உரிமை இங்கே உண்டு. விலைக்கு வாங்கும் மென்பொருளில் அவ்வுரிமை இல்லை.

இணைய வசதி குன்றிய தோட்டங்களுக்கு இதனினும் பெரிய நன்மை ஒன்றுண்டு. பதுளை நகரில் ஒருவர் ஒருமுறை பதிவிறக்கிய கோப்பு, பசறைக்கும் லுணுகலைக்கும் மடூல்சீமைக்கும் கொஸ்லாந்தைக்கும் சட்டைப்பையிலேயே பயணம் செய்யும். பத்துப்பேர் நூறுபேருக்குப் பிரதி செய்து கொடுக்கலாம். அது திருட்டன்று, அம்மென்பொருளின் உரிமமே அதனை அனுமதிக்கிறது. கிவிக்ஸ் என்னும் மென்பொருளைச் சேர்த்துவிட்டால், தமிழ் விக்கிப்பீடியாவை இணையமின்றியே படிக்கலாம். சிக்னல் தேடி மலையேறாத பிள்ளைக்கும் ஒரு நூல்நிலையம் கையில் இருக்கும்.

மறுப்புகளும் மறுமொழியும்

"கள்ளப் பிரதி விண்டோஸ் கடையில் மலிவாகக் கிடைக்கிறதே, இத்தனை பாடு எதற்கு?" என்பது ஒரு வாதம். கள்ளப் பிரதியோடு நச்சுநிரலும் சேர்ந்து வரும் ஆபத்துண்டு. அதைவிடவும், களவைப் பிள்ளைக்கு முதற்பாடமாக வைக்க எந்த ஆசிரியர் சம்மதிப்பார்? "பரீட்சைக்கு விண்டோஸ்தானே வேண்டும்?" என்பது மற்றொரு வாதம். விரிதாளின் சூத்திரமும், தரவுத்தளத்தின் தத்துவமும், நிரலாக்கத்தின் தருக்கமும் எந்த முறைமையிலும் ஒன்றே. பொத்தான்களின் இடம் மாறலாம், அறிவு மாறாது.

அண்டை நாட்டு மாநிலமாகிய கேரளத்தைப் பாருங்கள். அங்கே 2001 இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம், காலப்போக்கில் அரசாங்கப் பாடசாலைகளின் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2017 இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக உருப்பெற்ற பின்னரும் தனக்கென ஒரு லினக்ஸ் வடிவத்தைப் பேணிவருகிறது. நம் நாட்டிலும் திறமைக்குப் பஞ்சமில்லை. 2004 டிசெம்பர் ஆழிப்பேரலையின்போது, நிவாரண வேலைகளை ஒழுங்குபடுத்தும் சஹானா என்னும் கட்டற்ற மென்பொருளை இலங்கையரே ஆக்கினர். பின்னர் வெளிநாடுகளிலும் அது பாவிக்கப்பட்டது. கண்டிக்கு அருகிலுள்ள ஹந்தானை மலையின் பெயரைத் தாங்கிய லினக்ஸ் வடிவம் ஒன்றும் இந்நாட்டவரின் ஆக்கமே. மலையின் பெயரை லினக்ஸுக்குச் சூட்டிய நாட்டில், மலைநாட்டுப் பிள்ளை மட்டும் அதனைத் தொடாமலிருக்கவேண்டுமா?

செய்யவேண்டியது யாது?

ஊவா மாகாணக் கல்வி அதிகாரிகளை நாம் கேட்டுக்கொள்வது இது: பாடசாலைக் கணினிகளைக் கழிபொருட் பட்டியலில் ஏற்றுமுன், ஒவ்வொன்றையும் பென் டிரைவ் ஒன்றிலிருந்து தொடக்கிப் பாருங்கள். பத்து நிமிடச் சோதனை அது. தொடங்குவதை வைத்துக்கொள்ளுங்கள், தொடங்காததின் ரேமையும் தட்டையும் மற்றொன்றுக்கு உதிரிப்பாகமாக எடுத்துக்கொள்ளுங்கள். மின்கழிவைத் தோட்டத்துக் கானில் எறிந்து மண்ணையும் நீரையும் நஞ்சாக்குவதைவிட அது மேலானதன்றோ?

2005 இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையைத் தோட்டங்களுக்கு ஒதுக்கக்கூடாதா? கணினி ஆசிரியர்கள் தொடக்க வரிசையை மாற்றும் இச்சிறு வித்தையை ஒரு பாடவேளையிற் செய்து காட்டக்கூடாதா? தொழிற்சங்கங்கள் சந்தாவைப் பெறுவதோடு நில்லாமல், ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு படிப்பறையையும் இரண்டு யந்திரங்களையும் வைக்கக்கூடாதா? கமக்காரர் அமைப்புகளும் தமது வரவுசெலவையும் சந்தை விலைகளையும் இத்தகைய பழைய கணினியிலேயே எழுதி வரலாம்.

கொழும்பிலும் வெளிநாடுகளிலும் வாழும் தொழில்வல்லுநர்களுக்கும் ஒரு சொல். வைத்தியர்களே, பொறியியலாளர்களே, கணக்காளர்களே! உங்கள் பழைய மடிக்கணினியைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்காதீர்கள். சொந்தத் தகவல்களை முற்றாக அழித்து, சார்ஜரோடு சேர்த்து, உங்களுக்குத் தெரிந்த மலைநாட்டு ஆசிரியர் ஒருவருக்கு அனுப்புங்கள். லினக்ஸ் எழுதிய பென் டிரைவ் ஒன்றையும் கூடவே வைத்துவிடுங்கள். தர்மமாக அன்று, கடமையாக இதனைச் செய்யுங்கள். உங்களிற் பலரின் படிப்புக்கும் யாரோ ஒருவர் கொடுத்த பழைய புத்தகமே வழிகாட்டியாக இருந்தது.

தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலம் நூறாண்டைக் கடந்தது. வயது சென்றுவிட்டது என்பதற்காக அதனை இடிக்கவேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் பத்தாண்டு கூடச் செல்லாத யந்திரத்தை வீசிவிடச் சொல்கிறார்கள், நாமும் தலையாட்டுகிறோம். எப்பொருளை எப்போது கைவிடவேண்டும் என்பதை அதனைப் பாவிப்பவரே தீர்மானிக்கவேண்டும். விற்றவர் தீர்மானித்தல் கூடாது. ஆகவே, வாசகப் பெருமக்களே, அலுமாரியின் மேலுள்ள யந்திரத்தை இவ்வாரமே கீழே இறக்குங்கள். தூசியைத் துடைத்து, பென் டிரைவைச் செருகி, சாவியைத் தட்டிப் பாருங்கள். அது தொடங்கினால் உங்கள் வீட்டிலோ அயல் லயத்திலோ உள்ள ஒரு பிள்ளையின் கையில் அதனைக் கொடுங்கள்.